பையைச் சோதித்தால் தீ அணையுமா?

ஷிப்டு முடிந்து வெளியே வரும் மில் தொழிலாளியைக் கேட்டில் நிறுத்துகிறார்கள். தூக்குப்போசியைத் திறக்கச் சொல்கிறார்கள். மடியை உதறச் சொல்கிறார்கள். ஒரு கோன் நூல் வெளியே போய்விடக் கூடாதாம்! நல்லது. ஆனால் அதே மில்லில் பஞ்சு குடோன் ஓரம் தொங்கும் வாளிகளில் மணல் இருக்கிறதா, தீயணைப்புக் குழாயில் தண்ணீர் வருகிறதா, பின்பக்கக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று எத்தனை முதலாளிகள் பார்க்கிறார்கள்? காவல் என்றால் தொழிலாளியின் மடியைத் துழாவுவது என்றுதான் அவர்கள் அகராதியில் எழுதியிருக்கிறது.

இந்தப் பழைய நோய் இன்று ஒரு புதிய இடத்திலும் புகுந்திருக்கிறது. ‘தரவு மையம்’ என்று சொல்லுகிறார்களே, அந்த இடத்தில்! வாசலில் கேமரா. கைரேகை வைத்தால் திறக்கும் கதவு. கூட்டிப் பெருக்க வரும் பெண்ணின் பையைக் கொட்டிக் கவிழ்த்துப் பார்க்கும் காவல். “எங்கள் பாதுகாப்பு இரும்புக் கோட்டை” என்று விளம்பரம். ஆனால் உலகமெங்கும் அந்தக் கோட்டைகள் சரிந்த கதையை எடுத்துப் பாருங்கள். கூட்டிப் பெருக்கியவரின் பையினாலா சரிந்தன? பார்ப்போம்.

மேகம் எங்கே இருக்கிறது?

தரவு மையம் என்பது கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்த ஒரு கிட்டங்கி. நம் காங்கேயத்து அரிசி ஆலைக் குடோனில் மூட்டைகளை அட்டி போடுவது போல, அங்கே இரும்பு அலமாரிகளில் ‘சர்வர்’ என்னும் பெட்டிகளை அடுக்கியிருப்பார்கள். அவை இரவு பகல் ஓய்வில்லாமல் ஓடும். ஓடினால் சூடு ஏறும். சூட்டைத் தணிக்கப் பெரிய குளிர்சாதன இயந்திரங்கள் ஓடும். மின்சாரம் நின்றால் அந்தக் கணமே தாங்கிப் பிடிக்க வரிசை வரிசையாக பேட்டரிகள். அதற்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர். ஆக, மின்சாரம், பேட்டரி, டீசல் என்று தீப்பிடிப்பதற்கு வேண்டிய சாமான் அத்தனையும் ஒரே கூரையின் கீழ் குவிந்திருக்கும்.

“களத்தில் தேங்காய் உடைக்கிறவனுக்கும் கதிர் அறுக்கிறவளுக்கும் இதில் என்ன வேலை?” என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது! ரேஷன் கடையில் கட்டை விரலை வைத்தால்தான் அரிசி. கூலி பேங்க் கணக்கில் ஏறினால்தான் கைக்கு வரும். முப்பது வருஷம் ஸ்பின்னிங்கில் நின்று பிடித்தம் கொடுத்த பி.எப். பணம் இன்று காகிதத்தில் இல்லை, கம்ப்யூட்டரில்தான் எழுதியிருக்கிறது. பட்டா, சிட்டா, ஆஸ்பத்திரிச் சீட்டு, ரயில் டிக்கெட் எல்லாம் அங்கேதான். ஏட்டில் இருந்த நம் வாழ்க்கை முழுவதையும் அந்தப் பெட்டிகளுக்குள் ஏற்றிவிட்டார்கள். பெட்டி எரிந்தால் எரிவது கம்பெனியின் சொத்து மட்டும்தானா?

படித்த கனவான்கள் இதை ‘மேகத்தில் இருக்கிறது’ என்று சொல்லுகிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் எந்தத் தகவலும் வானத்தில் மிதக்கவில்லை. அது செங்கல்லும் சிமெண்டும் கொண்ட ஒரு கட்டடத்தில் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் சென்னையில் அம்பத்தூர், சிறுசேரி பக்கம் தனிக் கட்டடங்களே எழுப்பிக்கொண்டிருக்கின்றன. ஆனால் எத்தனையோ அலுவலகங்களும், சர்க்கார் இலாகாக்களும், சிறிய கம்பெனிகளும் தங்கள் பெட்டிகளைப் பலர் புழங்கும் கட்டடத்தின் ஒரு மாடியில்தான் வைத்திருக்கின்றன. கீழே கடை, நடுவே ஆபீஸ், மேலே ஹோட்டல் சமையல்கட்டு, இடையில் ஒரு மாடியில் ஜனங்களின் தலையெழுத்து! இந்தப் பொதுக் கட்டடத்துச் சங்கதிதான் நாம் பேச வந்தது.

கொல்கத்தாவில் ஒன்பது உயிர்

2021 மார்ச் 8, மாலை ஆறு மணிக்கு மேல். கொல்கத்தா ஸ்டிராண்ட் ரோட்டில் ‘நியூ கொய்லாகாட்’ என்னும் 14 மாடிக் கட்டடம். கிழக்கு ரயில்வேயும் தென்கிழக்கு ரயில்வேயும் பங்கிட்டுக்கொண்ட அலுவலகக் கட்டடம் அது. ஆயிரம் கோப்புகளும் அலுவலர்களும் புழங்கும் அதே கட்டடத்தில்தான் ரயில் டிக்கெட் முன்பதிவுக் கம்ப்யூட்டர்களும் இருந்தன. 13ஆவது மாடியில் தீப்பிடித்தது.

ஒன்பது பேர் மாண்டார்கள். நால்வர் தீயணைப்பு வீரர்கள். ஒருவர் போலீஸ் உதவி சப்-இன்ஸ்பெக்டர். ஒருவர் ரயில்வே பாதுகாப்புப் படை வீரர். ரயில்வே அதிகாரியும் மாண்டவர்களில் உண்டு. பலர் லிப்டில் ஏறி மேலே போனவர்கள். தீப்பிடித்த கட்டடத்தில் லிப்டில் ஏறக் கூடாது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம். அப்படியிருக்க, பயிற்சி பெற்றவர்களே ஏன் ஏறினார்கள்? எந்த வழியாகப் போனால் தீ இருக்கும் இடத்தை அடையலாம், எந்தப் படிக்கட்டு திறந்திருக்கிறது என்று அவர்களுக்குக் காட்டியது யார்? கட்டடத்தின் வரைபடத்தை ரயில்வே கொடுக்கவில்லை என்று அன்றிரவே அந்த இடத்தில் நின்று மாநில முதலமைச்சர் மம்தா பானர்ஜி குறை கூறினார். ரயில்வே அமைச்சர் பியூஷ் கோயல் உயர்மட்ட விசாரணைக்கு உத்தரவிட்டார். மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் ஒருவரையொருவர் கைகாட்டின. செத்தவர்களின் குடும்பங்களுக்குப் பத்து லட்ச ரூபாய் நஷ்டஈடு அறிவித்தார்கள். ஒரு கட்டட வரைபடத்தின் நகலைக் கேட் அறையில் மாட்டி வைக்க என்ன செலவாகும்? கணக்குப் பாருங்கள்!

தீயை அணைக்கக் கட்டடத்தின் மின்சாரத்தை நிறுத்தினார்கள். நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்தியதும் டிக்கெட் முன்பதிவு பாதிக்கப்பட்டது. கிழக்கு, வடகிழக்கு இந்தியாவின் ரயில்வேக்களில் பதிவு தடைப்பட்டது. தீ எரிந்தது 13ஆவது மாடியில். கம்ப்யூட்டரில் தீப்பிடிக்கவில்லை. ஆயினும் கம்ப்யூட்டர் நின்றது. ஏன்? ஒரே கட்டடம், ஒரே மின்சாரம்! பக்கத்து வீட்டுக்காரன் அடுப்பு எரிந்தால் நம் வீட்டு விளக்கு அணைகிறது. இதுதான் கூட்டுக் குடித்தனத்தின் லட்சணம்.

நம் அரிசி ஆலையிலும் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் தோளோடு தோள் நிற்கும் வங்காளத்து, ஒடியா, அசாம் தொழிலாளிகள் ஊருக்குப் போக நம்பியிருப்பது ரயிலைத்தான். டிக்கெட் கம்ப்யூட்டர் ஒரு ராத்திரி நின்றால் தாயின் சாவுக்குப் போக முடியாமல் நிற்பவன் அவன்தான். கம்பெனி மானேஜர் விமானத்தில் போய்விடுவார்.

கொல்கத்தாவோடு முடியவில்லை. நம் சென்னையையே எடுத்துக்கொள்வோம். 2012 ஜனவரி 16 அதிகாலை, சேப்பாக்கம் எழிலகம் வளாகத்தில் பழைய கலஸ் மகால் பற்றி எரிந்தது. பல சர்க்கார் அலுவலகங்கள் ஒன்றாக இருந்த மாளிகை. சமூக நலத் துறையின் ஆவணங்களும் தொழில் வணிகத் துறையின் ஆவணங்களும் நாசமாயின. கூரை சரிந்து தீயணைப்பு நிலைய அதிகாரி ஒருவர் உயிரை இழந்தார். காகித ஏடாக இருந்தாலும் கம்ப்யூட்டர் ஏடாக இருந்தாலும், பல குடித்தனக் கட்டடத்தில் ஒரே ஒரு பிரதியாக வைத்தால் கதி ஒன்றுதான்.

ஒரு கூரை, பல குடித்தனம்

கொறங்காட்டுக்குக் கிளுவை வேலி போட்டிருக்கிறோம். படலை இறுகக் கட்டி, அங்கே ஒரு ஆளையும் நிறுத்தினோம். ஆனால் பின்புறம் வேலியில் பெரிய சந்து. வேலியை ஒட்டிப் பக்கத்துத் தோட்டத்தான் சோளத்தட்டுப் போர் வைத்திருக்கிறான். அவன் போரில் பொறி விழுந்தால் நம் கட்டுத்தரை மிஞ்சுமா? படலில் நிற்கிற ஆள் என்ன செய்வான்? பாதுகாப்பு என்றால் நான்கு பக்கமும் பார்க்க வேண்டும் என்று ஆடு மேய்க்கிற சிறுவனுக்குத் தெரியும். கோட் சூட் போட்டவர்களுக்கு மட்டும் தெரியவில்லை.

பொதுக் கட்டடத்தில் அந்தச் சந்துகள் எங்கே இருக்கின்றன? கட்டட வேலை செய்யும் கொத்தனாரையும் எலக்ட்ரீஷியனையும் கேளுங்கள், ஒரு நிமிஷத்தில் சொல்வார்கள்.

முதலாவது, சுவர். இரண்டு ஆபீசுகளுக்கு நடுவே நிறுத்தும் தடுப்புச் சுவர் பல இடங்களில் பொய்க்கூரை வரைக்கும்தான் போகும். பொய்க்கூரைக்கு மேலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெற்று இடம். திருடனும் அந்த வழியே வரலாம், புகையும் அந்த வழியே வரலாம். தரையின் கான்கிரீட்டிலிருந்து மேல்தளத்தின் கான்கிரீட் வரை சுவர் எழும்பாத அறைக்குக் கைரேகைப் பூட்டு எதற்கு?

இரண்டாவது, கேபிள் போகும் குழி. எல்லா மாடிக்கும் வயர் ஏறுவதற்கு ஒரே குழி விட்டிருப்பார்கள். ஒவ்வொரு மாடியிலும் அந்தத் துவாரத்தைத் தீத்தாங்கும் பொருள் கொண்டு அடைக்காவிட்டால் அது புகைபோக்கியாகிவிடும். கீழ்மாடித் தீ மேல்மாடிக்கு ஏணி தேட வேண்டியதில்லை.

மூன்றாவது, தண்ணீர். சர்வர் அறைக்கு நேர் மேலே யாருடைய கழிப்பறை, யாருடைய சமையலறை? ஒரு குழாய் வெடித்தால் போதும்.

நான்காவது, கீழறை. மின்சார மீட்டரும், மெயின் ஸ்விட்சும், டீசல் டாங்கும் பெரும்பாலும் கீழறையில்தான். கார் நிறுத்த வருகிறவர்கள் எல்லாரும் அந்த இடத்தில் புழங்குவார்கள். ஐந்தாவது மாடியில் ஏழு பூட்டுப் போட்டுவிட்டுக் கீழே மெயின் ஸ்விட்சைத் திறந்த வீடாக விடுவது எந்த ஊர் புத்திசாலித்தனம்?

பொதுக் கட்டடமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. எல்லாருக்கும் தனி மாளிகை கட்டிக் கொடு என்று கேட்கவுமில்லை. வாடகையைப் பங்கிடலாம். தீயையும் சாவியையும் பங்கிடாதே என்றுதான் சொல்லுகிறோம்.

சுவரை அறுத்தார்கள், உடுப்பைக் காட்டினார்கள்

“திருட்டைத் தடுக்க வேண்டாமா? அதற்குத்தானே சோதனை?” என்று கேட்கிறார்கள். தடுக்கத்தான் வேண்டும். திருட்டு எப்படி நடந்தது என்று பார்த்துவிட்டுத் தடுங்கள்!

அமெரிக்காவில் சிகாகோ நகரம், 2007 அக்டோபர். ‘சி.ஐ. ஹோஸ்ட்’ என்னும் கம்பெனியின் தரவு மையத்தில் கொள்ளைக்காரர்கள் புகுந்தார்கள். கார்டு காட்டித் திறக்கும் கதவு, உடல் அடையாளம் பார்க்கும் கருவி என்று பல அடுக்குக் காவல் இருப்பதாக விளம்பரம் செய்த கம்பெனி அது. கொள்ளைக்காரர்கள் கதவுப் பக்கமே போகவில்லை. மின்ரம்பத்தால் சுவரை அறுத்துக்கொண்டு நுழைந்தார்கள். இரவுப் பணியில் இருந்த மானேஜரைத் தாக்கினார்கள். குறைந்தது 20 சர்வர்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த இடத்தில் இரண்டு வருஷத்துக்குள் நடந்த நான்காவது திருட்டு அது. மூன்று முறை திருட்டுப் போன பிறகும் சுவர் சுவராகவே இருந்தது!

அதே 2007, டிசம்பர் மாதம், லண்டன். வெரிசான் கம்பெனியின் தரவு மையத்துக்குப் போலீஸ் உடுப்பில் சிலர் வந்தார்கள். “கூரைமேல் ஆள் நடமாட்டம் இருக்கிறது, பார்க்க வேண்டும்” என்றார்கள். உள்ளே விட்டார்கள். ஊழியர் ஐவரைக் கட்டிப்போட்டுவிட்டுச் சாமான்களை வாரிக்கொண்டு போனார்கள். தூக்குப்போசியைச் சோதிக்கும் காவலுக்கு உடுப்பைச் சோதிக்கத் தெரியவில்லை. அல்லது, சோதிக்கும் துணிவு கொடுக்கப்படவில்லை. காவலாளியைத் தினமும் அதட்டி உருட்டி, ‘ஐயா வந்தால் எழுந்து நில், கேள்வி கேட்காதே’ என்று பழக்கி வைத்தால், அதிகாரி வேஷத்தில் வரும் திருடனுக்கும் அவன் சலாம் போடத்தான் செய்வான்.

அந்தக் காவலாளி யார்? விளைச்சல் இல்லாமல் காட்டை விட்டு நகரத்துக்குப் போன நம் சித்தப்பனும் மாமனும்தான். பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, முதல் ஷிப்டுக்காரன் வராவிட்டால் அடுத்த பன்னிரண்டு மணியும் சேர்த்து உட்காருகிறவர்கள். தனியார் பாதுகாப்பு முகமைகளை ஒழுங்குபடுத்த 2005இலேயே சட்டம் வந்திருக்கிறது. வகுப்பில் 100 மணி, களத்தில் 60 மணி, ஆக 160 மணி நேரப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று மத்திய மாதிரி விதிகள் சொல்லுகின்றன. தீயணைப்பும், கூட்டத்தைப் பத்திரமாக வெளியேற்றுவதும் காவல் தொழிலின் பாடம்தான். உங்கள் தெருவில் காவல் வேலைக்குப் போகிறவரைக் கேளுங்கள்: எத்தனை மணி பயிற்சி கொடுத்தார்கள் என்று. தொப்பியும் விசிலும் கொடுத்த கதையைத்தான் சொல்வார்!

பூட்டிய கதவின் கதை

தொழிலாளியைத் திருடனாகப் பார்க்கும் காவல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகமே அறிந்த சாட்சி ஒன்று உண்டு. நியூயார்க் நகரில் பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் மூன்று மாடிகளில் ‘டிரையாங்கிள்’ என்னும் தையல் ஆலை இருந்தது. 1911 மார்ச் 25 அன்று அங்கே தீப்பிடித்தது. ஒன்பதாவது மாடியில் படிக்கட்டுக் கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. ஏன் பூட்டினார்கள்? தையல் பெண்கள் துணித் துண்டை எடுத்துப் போய்விடுவார்களாம். எல்லாரும் ஒரே வாசல் வழியாகப் போனால்தான் பையைப் பார்க்க முடியுமாம்! 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள். தீயணைப்பு ஏணி ஆறாவது மாடிவரைதான் எட்டியது. முதலாளிகள் இருவரும் கோர்ட்டில் விடுதலையானார்கள்.

அது தையல் ஆலை, இது கம்ப்யூட்டர் ஆலை என்று ஒதுக்கிவிடாதீர்கள். மின்சாரப் பூட்டுப் போட்ட கதவு உள்ளிருந்து தள்ளினால் திறக்கிறதா? மின்சாரம் நின்றால் திறந்துகொள்கிறதா, இறுகிக்கொள்கிறதா? இதுதான் உயிர்க் கேள்வி. சர்வர் அறைகளில் தண்ணீர் பட்டால் இயந்திரம் கெடும் என்று சில இடங்களில் வாயுவைப் பாய்ச்சித் தீயை அணைக்கிறார்கள். கார்பன் டை ஆக்சைடு வாயு அடைத்த அறையில் மனிதன் மூச்சடைத்துச் சாவான். மணி அடித்ததும் வெளியே ஓட வேண்டும் என்று இன்ஜினீயருக்குச் சொல்லியிருப்பார்கள். ராத்திரி தரை துடைக்க வரும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு யார் சொன்னார்கள்? அவர் மொழியில் சொன்னார்களா?

கெடு முடிந்த பேட்டரி

தென்கொரியா, 2022 அக்டோபர் 15. பாங்கியோ என்னும் இடத்தில் எஸ்.கே. கம்பெனியின் தரவு மையக் கட்டடம். அதில் பல கம்பெனிகள் குடித்தனம். கீழறையில் பேட்டரி இருந்த இடத்தில் தீப்பிடித்தது. அணைப்பதற்காகக் கட்டடத்தின் மின்சாரத்தை நிறுத்தினார்கள். ‘காக்காவ்’ கம்பெனியின் சுமார் 32,000 சர்வர்கள் படுத்துவிட்டன. நாட்டு ஜனங்கள் சேதி அனுப்பவும், பணம் செலுத்தவும், வாடகைக் கார் கூப்பிடவும் அதையே நம்பியிருந்தார்கள். எல்லாம் சரியாக 127 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சவாரி வராமல் வாடகைக் கார் ஓட்டிகள் நின்றார்கள். அதே கட்டடத்தில் இருந்த ‘நேவர்’ கம்பெனி அவ்வளவு அடிபடவில்லை. தன் வேலையை வேறு இடத்திலும் பிரித்து வைத்திருந்ததால் சீக்கிரம் எழுந்துவிட்டது. ஆக, வழி இல்லாமல் இல்லை. ஒருவன் செய்தான், ஒருவன் செய்யவில்லை.

அதிலிருந்து சர்க்கார் பாடம் கற்றதா? 2025 செப்டம்பர் 26 அன்று அதே தென்கொரியாவில் தேஜான் நகரத்துச் சர்க்கார் தரவு மையத்திலேயே தீ. ஐந்தாவது மாடியில் சர்வர்களோடு ஒரே தளத்தில் இருந்த பேட்டரிகளைக் கீழறைக்கு மாற்றும் வேலை நடந்தபோது பற்றிக்கொண்டது. பத்து வருஷ உத்தரவாதக் கெடு முடிந்துபோன பேட்டரிகள் அவை. 384 பேட்டரிகள் எரிந்தன. முதல் கணக்கில் 647 சர்க்கார் கம்ப்யூட்டர் சேவைகள் நின்றன. சர்க்கார் ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்த ஒரு பெரிய களஞ்சியம் மறுபிரதி இல்லாததால் அடியோடு போயிற்று. அங்கே கேமரா இல்லையா? காவல் இல்லையா? எல்லாம் இருந்தன. பேட்டரியைக் காலத்தில் மாற்றும் எண்ணம்தான் இல்லை. கவனக்குறைவு என்று போலீஸ் வழக்குப் பதிந்தபோது மையத்தின் ஊழியரோடு ஒப்பந்த வேலையாட்களும் அதில் சிக்கினார்கள். வருஷக்கணக்காக மாற்றாமல் விட்ட கொள்கை ஒரு பக்கம், அன்றைக்கு ஸ்பேனர் பிடித்த கை ஒரு பக்கம். முதலில் எது பிடிபடும் என்று நமக்குத் தெரியாதா?

பிரான்ஸ் தேசத்தின் ஸ்டிராஸ்பர்க் நகரில், கொல்கத்தாத் தீ நடந்த இரண்டே நாளில், 2021 மார்ச் 10 அன்று, ஓ.வி.எச். கம்பெனியின் தரவு மையம் ஒன்று முழுதாக எரிந்தது. சில வாடிக்கையாளர்களின் மறுபிரதியும் அதே கட்டடத்தில்தான் இருந்தது. வீட்டுப் பத்திரத்துக்கு நகல் எடுத்து அதே பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது போல!

வாளியில் சுமந்த டீசல்

2012 அக்டோபர் கடைசியில் ‘சாண்டி’ புயல் நியூயார்க்கில் அடித்தது. பிராட் தெரு 75ஆம் எண் கட்டடம், பல கம்பெனிகள் புழங்கும் உயர்ந்த கட்டடம். கடல் நீர் கீழறைக்குள் பாய்ந்தது. டீசலை மேலே ஏற்றும் பம்பு மூழ்கியது. ஜெனரேட்டர் மேலே, எண்ணெய் கீழே! ஊழியர்கள் என்ன செய்தார்கள்? வரிசையாக நின்று, இருட்டில், வாளி வாளியாக டீசலைச் சுமந்து 17 மாடி ஏற்றினார்கள். அந்தத் தரவு மையம் நிற்காமல் ஓடியது.

இதைப் படித்ததும் கிணறு வற்றிய கோடையில் குடம் குடமாகச் சுமந்து தென்னம்பிள்ளையைக் காப்பாற்றிய நம் பெண்கள் நினைவுக்கு வரவில்லையா? உத்தியோகஸ்தர்கள் போட்ட திட்டம் மூழ்கியது. தொழிலாளியின் தோள் காப்பாற்றியது. அந்தத் தோளைத்தான் கேட்டில் நிறுத்தித் தடவிப் பார்க்கிறார்கள்.

எதற்கு ‘அத்தியாவசியம்’?

2020 நவம்பரில் மத்திய சர்க்கார் தரவு மையங்களுக்கு ஒரு வரைவுக் கொள்கை வெளியிட்டது. தரவு மையத்தை 1968ஆம் வருஷத்து அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவர வேண்டும் என்பது அதில் ஒரு யோசனை. அந்தச் சட்டம் எதற்குப் பயன்படும் என்று தொழிலாளிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வேலைநிறுத்தத்தைத் தடை செய்யும் சட்டம் அது. நம் தமிழ்நாட்டிலும் 2021இல் தரவு மையக் கொள்கை வந்தது. முதலாளிகளுக்கு மின்சார வரிச் சலுகை முதல் பல சலுகைகள்.

சரி, அத்தியாவசியம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அங்கே நிற்கும் காவலாளியின் எட்டு மணி நேர வேலை அத்தியாவசியம் இல்லையா? தீத்தாங்கும் சுவர் அத்தியாவசியம் இல்லையா? கூலியைக் கேட்கும்போது மட்டும் ‘அத்தியாவசியம்’, பேட்டரி மாற்றும்போது ‘சிக்கனம்’ என்றால் அது என்ன நியாயம்?

செய்ய வேண்டியது என்ன?

நாம் கேட்பது மாயமந்திரம் அல்ல. ஒவ்வொன்றும் நாளைக்கே செய்யக்கூடியது.

1. ஜனங்களின் ரேஷன், கூலி, பி.எப்., நிலப் பதிவு எதுவானாலும் ஒரே கட்டடத்தில் இருக்கக் கூடாது. வேறு ஊரில், வேறு மின்சாரத்தில் மறுபிரதி வேண்டும். அது ஓடுகிறதா என்று காலா காலத்தில் ஓட்டிப் பார்க்கவும் வேண்டும்.

2. பேட்டரி, டீசல், மெயின் ஸ்விட்ச் மூன்றும் சர்வர் அறையிலிருந்தும் மற்றக் குடித்தனங்களிலிருந்தும் தீத்தாங்கும் சுவரால் பிரிந்திருக்க வேண்டும். வெள்ளம் ஏறும் கீழறையில் உயிர்நாடியை வைக்கக் கூடாது. கெடு முடிந்த பேட்டரி ஒரு நாளும் இருக்கக் கூடாது.

3. சுவர் தளத்திலிருந்து தளம் வரை எழும்ப வேண்டும். கேபிள் குழி மாடிதோறும் அடைபட வேண்டும்.

4. கட்டட வரைபடம் கேட்டிலும் இருக்க வேண்டும், அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்திலும் இருக்க வேண்டும். கட்டடத்தில் உள்ள எல்லாக் குடித்தனக்காரர்களும், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட, சேர்ந்து தீப் பயிற்சி செய்ய வேண்டும்.

5. எந்தக் கதவும் உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும்.

6. காவலாளிக்கு எட்டு மணி வேலை, சட்டப்படி பயிற்சி, யாரானாலும் அடையாளம் கேட்கும் அதிகாரம். சோதனை என்றால் டைரக்டர் முதல் துப்புரவுத் தொழிலாளி வரை ஒரே சோதனை.

7. பாதுகாப்பைப் பார்வையிடும் குழுவில் அங்கே வேலை செய்யும் எலக்ட்ரீஷியனும் காவலாளியும் துப்புரவுத் தொழிலாளியும் இருக்க வேண்டும். எந்த வயர் சூடாகிறது, எந்தக் கதவு மாட்டிக்கொள்கிறது என்று தினம் கையால் தொட்டு அறிந்தவர்கள் அவர்கள்தான்.

இவை தரவு மையத்துக்கு மட்டும் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். உங்கள் மில்லில் நாளைக்கே கேளுங்கள். பஞ்சு குடோனின் பின்கதவுச் சாவி எங்கே? கேட்டில் வரைபடம் இருக்கிறதா? எண்ணெய் ஆலையில், கொப்பரைக் கிட்டங்கியில், இரவில் பெண்கள் தங்கும் மில் ஹாஸ்டலில் கதவு உள்ளிருந்து திறக்குமா? கேட்கும்போது முதலாளி முகம் சுளிப்பார். “உன் வேலையைப் பார்” என்பார். இதுவும் நம் வேலைதான். எரிகிற கட்டடத்துக்குள் நிற்கப் போவது நாம். எரிந்துபோகிற ஏட்டில் இருப்பது நம் கணக்கு.

பையை எத்தனை முறை வேண்டுமானாலும் திறந்து காட்டுகிறோம். அதில் பழைய சோறும் ஒரு வெங்காயமும்தான் இருக்கும். நீங்கள் முதலில் பின்கதவைத் திறந்து காட்டுங்கள்!